39 பேர், நான்கு ஆண்டுகள், ஒரே கேள்வி: மோசூல் விவகாரத்தில் வெளியுறவு அமைச்சரின் நாடாளுமன்றப் பதில்கள்

வெளிநாட்டில் சிக்கிக்கொண்ட குடிமக்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி வரும்போது, உறுதியான தகவல் கையில் இல்லாத ஒரு வெளியுறவு அமைச்சர் என்ன பதில் சொல்ல வேண்டும்? இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அதைத்தான். 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரில் கடத்தப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் 39 பேரைப் பற்றி, 2018 மார்ச் வரை இந்திய நாடாளுமன்றம் திரும்பத் திரும்பக் கேட்டது. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார். பதவியில் இருந்தவர்களை மட்டும் பெயரோடு குறிப்பிடுகிறேன். தொழிலாளர்கள், தப்பி வந்தவர், குடும்பத்தினர் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை.

பின்னணி: ஜூன் 2014

2014 ஜூன் 10 அன்று ஐ.எஸ்.ஐ.எஸ். (சுருக்கமாக ஐ.எஸ்.) என்ற ஆயுத அமைப்பு மோசூலைப் பிடித்தது. மறுநாள் திக்ரித்தும் விழுந்தது. நரேந்திர மோடி அரசு பதவியேற்று அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மோசூலில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இந்தியத் தொழிலாளர்கள் 40 பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானோர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். மற்றவர்கள் இமாச்சலப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள். அதே நிறுவனத்தில் வங்கதேசத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஜூன் மத்தியில் ஐ.எஸ். ஆட்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்பு வருவது நின்றுபோனது. சில நாட்களில், 40 இந்தியர்கள் கடத்தப்பட்டிருப்பதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது.

அந்த 40 பேரில் ஒருவர் தப்பி வந்தார். மீதி 39 பேர் என்ன ஆனார்கள் என்பதுதான் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு நாடாளுமன்றத்தில் இருந்த கேள்வி.

செவிலியர்கள் திரும்பினார்கள்

அதே வாரங்களில் திக்ரித் மருத்துவமனை ஒன்றில் 46 இந்தியச் செவிலியர்களும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூத்துக்குடிப் பெண். மற்றவர்கள் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை ஐ.எஸ். ஆட்கள் மோசூலுக்குக் கொண்டுபோய், பிறகு விடுவித்தார்கள். ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் வந்து இறங்கினார்கள். செப்டம்பரில், மோசூல் துணைத் தூதரகத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட துருக்கியர்களும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

பின்னால் வந்த பதில்களைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு செய்திகளும் தேவை. ஐ.எஸ். கையில் மாட்டியவர்கள் உயிரோடு திரும்பி வர முடியும், சத்தம் போடாமல் பேசினால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை அமைச்சகத்துக்கு வந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இரண்டு நிலைமைகளுக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. செவிலியர்களின் கையில் கைபேசி இருந்தது. அவர்கள் தூதரகத்தோடும் கேரள அரசோடும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எந்த அறையில் இருக்கிறோம், வெளியே என்ன சத்தம் கேட்கிறது, பேருந்தில் ஏறச் சொல்கிறார்கள், ஏறலாமா என்று கேட்கும் அளவுக்கு நேரடித் தொடர்பு இருந்தது. தொழிலாளர்கள் விஷயத்தில் கடத்தலுக்குப் பிறகு அப்படி ஒரு குரலைக்கூட யாரும் கேட்கவில்லை. ஒன்றில் கிடைத்த வெற்றியை வைத்து மற்றதை எடைபோட முடியாமல் போனது இங்கேதான்.

நவம்பர் 2014: ஒரு சாட்சி, ஆறு தகவல்கள்

தப்பி வந்தவர் சொன்னது நேரடியானது. ஒரு மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள், வரிசையாக மண்டியிட வைத்தார்கள், சுட்டார்கள், தான் மட்டும் காயத்தோடு பிழைத்தேன் என்றார். இந்தியா வந்த பிறகு அவர் பல மாதங்கள் அரசின் பாதுகாப்பில் வைக்கப்பட்டார். 2015இல்தான் ஊடகங்களிடம் நேரில் பேசினார்.

அதற்கு முன்பே, 2014 நவம்பர் கடைசியில், ஒரு தொலைக்காட்சி, ஈராக்கின் குர்திஸ்தான் பகுதித் தலைநகரான எர்பிலிலிருந்து ஒரு செய்தியை ஒளிபரப்பியது. அங்கிருந்த வங்கதேசத் தொழிலாளர்கள், இந்தியர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று தப்பி வந்தவர் தங்களிடம் சொன்னதாகக் கூறினார்கள். மறுநாளே நாடாளுமன்றத்தில் இது வெடித்தது. உறுப்பினர்கள் விளக்கம் கேட்டார்கள்.

அமைச்சர் அன்று சொன்னதன் சாரம் இது: கொல்லப்பட்டார்கள் என்று சொல்பவர் ஒருவர்தான். அவர் சொல்வதில் முரண்பாடுகள் இருக்கின்றன. கொல்லப்படவில்லை என்று ஆறு வழிகளில் தகவல் வந்திருக்கிறது. தனக்கு அவர்களோடு நேரடித் தொடர்பு இல்லை, உறுதியான ஆதாரமும் இல்லை. அந்த ஒருவரை நம்பித் தேடுதலை நிறுத்துவதா, ஆறு தகவல்களை நம்பித் தேடுதலைத் தொடர்வதா என்றால் தொடர்வதே சரி.

இந்தப் பதிலைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "நேரடித் தொடர்பு இல்லை, உறுதியான ஆதாரம் இல்லை" என்பது உண்மையை ஒப்புக்கொள்ளும் வாக்கியம். அமைச்சர் அதை மறைக்கவில்லை. ஆனால் அதே பேச்சில் ஒன்றுக்கு எதிராக ஆறு என்ற கணக்கும் வந்துவிட்டது. டெல்லியில் உட்கார்ந்து கேட்ட உறுப்பினர்களுக்கு முதல் வாக்கியம் காதில் விழுந்திருக்கலாம். குர்தாஸ்பூர், ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு எது கேட்டிருக்கும்? ஆறு பேர் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார்களாம் என்பதுதான்.

தகவலை எடைபோட்ட முறையிலும் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, அந்த ஆறு வழிகளில் யாரும் தொழிலாளர்களைக் கண்ணால் பார்த்ததாக அவையில் சொல்லப்படவில்லை. ஐ.எஸ். பிடியில் இருந்த ஒரு நகரத்திலிருந்து வரும் செய்தி கைமாறிக் கைமாறித்தான் வரும். ஆறு பேர் சொன்னாலும், ஆறு பேரும் ஒரே வாய்ச்சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொன்னவர்களாக இருக்கலாம். எதிர்ப்பக்கம் இருந்தவரோ சம்பவ இடத்திலேயே இருந்ததாகச் சொன்ன ஒரே ஆள். தலையை எண்ணி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

இரண்டாவது, அவர் சொன்னதில் ஒரு பகுதி ஒத்துவரவில்லை என்பதற்காக முழுவதையும் தள்ளிவிட்டார்கள். எப்படித் தப்பினார், யாரோடு எர்பிலுக்குப் போனார், என்ன பெயர் சொல்லிச் சோதனைச் சாவடியைக் கடந்தார் என்பதிலெல்லாம் குழப்பம் இருந்தது உண்மைதான். உயிருக்குப் பயந்து ஓடி வந்த ஒரு இளைஞன், தப்பித்த வழியைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை மறைக்கலாம். அதனால் மற்றவர்களைச் சுட்டார்கள் என்ற பேச்சும் பொய் என்று ஆகிவிடாது. ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் எந்தப் பகுதி நிற்கிறது, எது விழுகிறது என்று தனித்தனியாகப் பார்ப்பது நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பது.

இடைப்பட்ட காலம்

2015, 2016 ஆண்டுகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். மோசூல் ஐ.எஸ். கையில் இருந்தது, உள்ளே போய்ப் பார்க்க வழியே இல்லை. குடும்பத்தினர் டெல்லிக்கு வந்து அமைச்சரைப் பலமுறை சந்தித்தார்கள். ஒவ்வொரு முறையும் நம்பிக்கையோடு திரும்பினார்கள். கேள்வி வரும்போதெல்லாம் பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது: வெவ்வேறு வழிகளில் கிடைத்த தகவல்படி உயிரோடு இருக்கிறார்கள், தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாடாளுமன்ற நடைமுறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுத்துப்பூர்வக் கேள்விக்கு உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15 கேள்விகள்தான் அந்தப் பட்டியலில் இடம்பெறும். அவற்றில் பாதிகூட அன்றைக்கு எடுக்கப்படாமல் நேரம் முடிந்துவிடுவது வழக்கம். குறியிடாத கேள்விக்கு அச்சிட்ட பதில் மேசையில் வைக்கப்படும், அதோடு சரி. அமைச்சர் தானாக முன்வந்து அறிக்கை கொடுப்பது வேறு வழி. மக்களவையின் 372ஆவது விதி, மாநிலங்களவையின் 251ஆவது விதி இரண்டும் அதற்கானவை. அறிக்கை வாசிக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது என்று இரண்டு விதிகளும் சொல்கின்றன. மாநிலங்களவையில் மட்டும் வழக்கத்தை ஒட்டி உறுப்பினர்கள் விளக்கம் கேட்க அனுமதி கிடைப்பதுண்டு.

இந்த விவகாரத்தின் முக்கியமான கட்டங்களில் தகவல் வெளிவந்தது பெரும்பாலும் அமைச்சரின் பேச்சாகவோ அறிக்கையாகவோதான். "கடைசியாக யார், என்றைக்கு அவர்களைப் பார்த்தார்கள்?" என்று ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டு, அதற்கு நேரான பதில் வாங்கும் வாய்ப்பு அந்த வடிவத்தில் குறைவு.

ஜூலை 2017: மோசூல் மீட்பு, பாதுஷ், அவையில் அறிக்கை

2017 ஜூலை 10 அன்று மோசூல் மீட்கப்பட்டதாக ஈராக் பிரதமர் அறிவித்தார். வெளியுறவு இணை அமைச்சர் வி.கே. சிங் உடனே எர்பிலுக்குக் கிளம்பிப் போனார். ஈராக் அதிகாரி ஒருவர் அவரிடம் சொன்ன தகவல் டெல்லிக்கு வந்தது: தொழிலாளர்களை முதலில் மருத்துவமனைக் கட்டுமானத்தில் வேலை வாங்கினார்கள், பிறகு ஒரு பண்ணைக்கு மாற்றினார்கள், அப்புறம் மோசூலுக்கு வடமேற்கே உள்ள பாதுஷ் சிறையில் அடைத்தார்கள். ஜூலை 16 அன்று சுஷ்மா சுவராஜ் குடும்பத்தினரை அழைத்து, அவர்கள் பாதுஷ் சிறையில் இருக்கலாம், அங்கே சண்டை நடக்கிறது, முடிந்ததும் தெரியும் என்றார்.

சில நாட்களிலேயே செய்தியாளர்கள் பாதுஷுக்குப் போய்விட்டார்கள். அங்கே சிறை இடிந்து கிடந்தது. கைதிகள் யாரும் இல்லை. அந்தப் பகுதியை ஈராக் படைகள் பல மாதம் முன்பே மீட்டிருந்தன. ஒரு வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய ஒன்றைச் சரிபார்க்கும் முன்பே குடும்பங்களிடம் சொல்லிவிட்டார்கள். இந்த நான்காண்டுக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். மூன்று வருடம் காத்திருந்தவர்களுக்கு இடத்தின் பெயரோடு ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு, ஒரே வாரத்தில் அது செய்தியில் உடைவதை அவர்களே பார்க்கும்படி ஆனது.

ஜூலை 24 அன்று ஈராக் வெளியுறவு அமைச்சர் இப்ராஹிம் அல் ஜாபரி டெல்லிக்கு வந்தார். உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கோ இறந்துவிட்டார்கள் என்பதற்கோ தங்களிடம் உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவையில் அமளி இருந்தது. எதிர்க்கட்சிகள், அமைச்சர் நாட்டைத் தவறாக வழிநடத்துகிறார் என்றன.

ஜூலை 26 அன்று மக்களவையில் அமைச்சர் அறிக்கை கொடுத்தார். ஆதாரம் இல்லாமல் ஒருவரை இறந்தவர் என்று அறிவிப்பது பாவம், அந்தப் பாவத்தைத் தான் செய்யப்போவதில்லை என்றார். ஆதாரம் கிடைக்கும்வரை கோப்பு மூடப்படாது என்றார். யாராவது அவர்கள் இறந்துவிட்டதாகக் குடும்பங்களிடம் சொல்ல விரும்பினால் தங்கள் பொறுப்பில் சொல்லிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

இந்த அறிக்கையில் 2014இலிருந்து ஒரு நகர்வு இருக்கிறது. "உயிரோடு இருக்கிறார்கள்" என்பது பின்னால் போய், "இறந்ததற்கு ஆதாரம் இல்லை" என்பது முன்னால் வந்தது. இது நேர்மையான நகர்வு. ஆனால் நிலைப்பாடு மாறியிருக்கிறது என்பதை அவைக்கு வெளிப்படையாகச் சொல்லவில்லை. "முன்பு இப்படிச் சொன்னேன், அதற்கு ஆதாரமாக இருந்த தகவல்களை இப்போது இந்த அளவுக்குத்தான் நம்புகிறோம்" என்று ஒரு பத்தி அந்த அறிக்கையில் இருந்திருந்தால், அடுத்த எட்டு மாதங்களைக் குடும்பங்கள் வேறு மாதிரி கழித்திருப்பார்கள்.

மண்மேடு

இதன் பிறகு நடந்த தேடுதலை முழு மனதோடு பாராட்ட வேண்டும். 2017 அக்டோபரில் பஞ்சாபிலும் மற்ற மாநிலங்களிலும் உறவினர்களிடம் டி.என்.ஏ. மாதிரிகள் எடுக்கப்பட்டன. வி.கே. சிங் மறுபடியும் ஈராக் போனார். பாதுஷில் அவரும் இந்தியத் தூதரும் ஈராக் அதிகாரியும் ஒரு சிறிய வீட்டில் தரையில் படுத்துத் தூங்கினார்கள் என்று சுஷ்மா பின்னர் அவையில் சொன்னார்.

கட்டுமான நிறுவனத்தில் சமையல் ஒப்பந்தம் எடுத்திருந்தவர் தேடிப் பிடிக்கப்பட்டார். அவர் சொன்னதை வைத்து ஒரு வழித்தடம் கிடைத்தது. தொழிலாளர்களை முதலில் ஒரு ஜவுளி ஆலைக்குக் கொண்டுபோனார்கள். வங்கதேசத்தவரை மட்டும் பிரித்து எர்பிலுக்கு அனுப்பச் சொன்னார்கள். தப்பியவர் 'அலி' என்ற பெயரில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். மறுநாள் எண்ணிப் பார்த்தபோது 39 பேர்தான் இருந்தார்கள். அதன் பிறகு அவர்களைப் பாதுஷுக்கு மாற்றினார்கள்.

பாதுஷில் உள்ளூர்க்காரர்கள், ஐ.எஸ். ஆட்கள் உடல்களைப் புதைத்த ஒரு மண்மேடு இருக்கிறது என்றார்கள். நிலத்தடியை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கொண்டு ஈராக் அதிகாரிகள் அதைச் சோதித்தார்கள். உள்ளே உடல்கள் இருப்பது தெரிந்தது. தோண்டினார்கள். 39 உடல்கள். நீண்ட தலைமுடி, சீக்கியர்கள் அணியும் கடா வளையங்கள், ஈராக்கில் கிடைக்காத காலணிகள், சில அடையாள அட்டைகள். பாக்தாதில் மாதிரிகளை ஒப்பிட்டார்கள். 38 பேருக்கு முழுமையாகப் பொருந்தியது. ஒருவருக்குப் பெற்றோர் இல்லாததால் மற்ற உறவினர்களின் மாதிரியோடு ஒப்பிட வேண்டியிருந்தது, 70 சதவீதம் பொருந்தியது. முடிவு டெல்லிக்குக் கிடைத்தது 2018 மார்ச் 19, திங்கட்கிழமை.

பஞ்சாப் 27, பீகார் 6, இமாச்சலப் பிரதேசம் 4, மேற்கு வங்கம் 2.

மார்ச் 20, 2018

மறுநாள் காலை மாநிலங்களவையில் சுஷ்மா சுவராஜ் எழுந்து, 39 பேரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று அறிவித்தார். தேடுதல் நடந்த விதத்தை விவரமாகச் சொன்னார். உறுப்பினர்கள் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அடுத்து மக்களவைக்குப் போனார். அங்கே பேச முடியவில்லை. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக உறுப்பினர்களும், ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு அம்மாநில உறுப்பினர்களும் எழுப்பிய கோஷங்களால் அந்தக் கூட்டத்தொடர் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அன்று காங்கிரஸ் உறுப்பினர்களும் கோஷம் போட்டார்கள். அறிக்கையை வாசிக்காமலே அவை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு அவர் செய்தியாளர்களைச் சந்தித்தார்.

39 வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்தச் செய்தி தொலைக்காட்சி வழியாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் தங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, நான்கு வருடமாக உயிரோடு இருப்பதாகச் சொன்னவர்கள் இப்போது இப்படிச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று அவர்கள் கேட்டார்கள். டி.என்.ஏ. அறிக்கையைக் காட்டுங்கள் என்றும் கேட்டார்கள்.

கூட்டத்தொடர் நடக்கும்போது முதலில் அவைக்குத் தெரிவிப்பதே தன் கடமை என்று அமைச்சர் விளக்கினார். அது இட்டுக்கட்டிய சாக்கு இல்லை. அவை கூடியிருக்கும்போது முக்கியமான அறிவிப்பை வெளியே சொல்லக் கூடாது என்பது நீண்டகால மரபு. முந்தைய இரவே குடும்பங்களுக்குச் சொல்லியிருந்தால் விடிவதற்குள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்திருக்கும், மறுநாள் அவையின் உரிமையை மீறிவிட்டார் (உரிமை மீறல்) என்று யாராவது எழுந்திருப்பார்கள் என்ற கவலையும் நியாயமானதே.

ஆனால் அந்த மரபு காப்பாற்ற நினைப்பது வேறு. அரசின் கொள்கை முடிவை அவைக்கு முன்னால் பத்திரிகைக்குச் சொல்லக் கூடாது என்பதே அதன் நோக்கம். பிள்ளை இறந்த செய்தியை அப்பா அம்மாவுக்கு முதலில் சொல்வதால் எந்த அவையின் மதிப்பும் குறையாது. போரில் வீரர் இறந்தால் பெயரை வெளியிடும் முன் வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்வதை ராணுவங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன. அமைச்சர் காலையில் அவையில் எழுவதற்கு அரை மணி முன்னால், மாவட்ட நிர்வாகத்தின் ஆட்கள் 39 வாசலிலும் நின்றிருக்கலாம். டி.என்.ஏ. மாதிரி எடுக்க அதே வீடுகளைத் தேடிப்போனது அரசு நிர்வாகம்தான், முகவரி இல்லை என்று சொல்வதற்கில்லை.

பின்விளைவு

காங்கிரஸ் உறுப்பினர்கள் அமைச்சருக்கு எதிராக உரிமை மீறல் நோட்டீஸ் கொடுத்தார்கள். தப்பி வந்தவர், நான் அன்றைக்கே சொன்னது உண்மையாகிவிட்டது என்றார். அவர் சொன்ன கதை உண்மையில்லை என்ற நிலைப்பாட்டிலிருந்து அமைச்சகம் நகரவில்லை. கொல்லப்பட்டார்கள் என்பது உறுதியானது. எப்போது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே 2014இல் அவையில் பதில் சொல்லப்பட்டபோது அவர்கள் உயிரோடு இருந்தார்களா என்ற கேள்விக்குப் பொதுவெளியில் விடை கிடைக்கவில்லை. இதை அமைச்சருக்கு எதிராகவும் பயன்படுத்தக் கூடாது, அவருக்கு ஆதரவாகவும் பயன்படுத்தக் கூடாது.

ஏப்ரல் 2 அன்று வி.கே. சிங் 38 உடல்களோடு இந்திய விமானப்படை விமானத்தில் அமிர்தசரஸ் வந்திறங்கினார். அங்கே பஞ்சாப், இமாச்சலக் குடும்பங்களிடம் 31 பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டன. மற்றவை கொல்கத்தாவுக்கும் பாட்னாவுக்கும் போயின. ஒரு பீகார்க்காரரின் உடல் மட்டும் சோதனை முடியாமல் பின்தங்கியது. பெட்டிகளைத் திறக்க வேண்டாம் என்று உறவினர்களிடம் சொல்லப்பட்டது. இவர்கள் சட்டவிரோத முகவர்கள் வழியாகப் போனவர்கள், தூதரகத்தில் பதிவே இல்லை என்று வி.கே. சிங் அன்று சொன்னார். உண்மையாக இருக்கலாம். பெட்டியைத் தூக்க வந்தவர்கள் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மறுநாள் பிரதமர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் அறிவித்தார்.

எது சரியான முடிவு, எது இல்லை

ஆதாரம் இல்லாமல் இறந்ததாக அறிவிக்க மறுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2014இல் கோப்பை மூடியிருந்தால் 2017இல் பாதுஷுக்கு யார் போயிருப்பார்கள்? உடல்கள் ஊர் வந்து சேர்ந்ததற்கு அந்தப் பிடிவாதம்தான் காரணம். அரசியல் காரணங்களுக்காக இதையும் சேர்த்துத் திட்டியவர்கள் அன்று நியாயமாக நடந்துகொள்ளவில்லை.

உயிரோடு இருப்பதாகத் தகவல் என்று ஆண்டுக்கணக்கில் அழுத்திச் சொன்னது தவறு. தேடுவதற்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. "தெரியவில்லை, அதனால் தேடுகிறோம்" என்பதே போதுமான காரணம். நம்பிக்கை கொடுப்பது இரக்கம் என்று அமைச்சர் உண்மையாகவே நினைத்திருப்பார். வெளிநாட்டில் தவித்த எத்தனையோ பேருக்கு இரவு பகல் பாராமல் உதவியவர் அவர். ஆனாலும் நான்காண்டு நம்பிக்கையின் செலவு அவர் தலையில் விழவில்லை. அன்று அமலில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டப்படி, காணாமல்போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழு ஆண்டு ஆக வேண்டும். அதுவரை மனைவிக்கு விதவை ஓய்வூதியம் இல்லை, நிலப் பத்திரத்தில் பெயர் மாற்ற முடியாது, முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டி மட்டும் ஏறும். கணவர் வருவார் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு, வராமலும் போகலாம் என்று யாராவது பொறுப்போடு சொல்லியிருந்தால், வாழ்க்கையைத் திட்டமிட அவருக்கு ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இனி எப்படி

பதில் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு: காணாமல்போனவர்கள் பற்றிய ஒவ்வொரு பதிலிலும் கடைசி நேரடித் தொடர்பு என்றைக்கு என்பது முதல் வரியாக வர வேண்டும். மோசூல் விஷயத்தில் அந்த ஒரு வரி நான்கு ஆண்டும் "ஜூன் 2014" என்றே இருந்திருக்கும். அதைப் படிக்கிற யாருக்கும் நிலைமை புரிந்திருக்கும். தகவல் தந்தவர் யார் என்று வெளியே சொல்ல முடியாது, சரி. கண்ணால் பார்த்தவரா, கேள்விப்பட்டவரா என்று சொல்ல முடியும்.

முன்பு அவையில் சொன்னதற்கு அடிப்படை ஆட்டம் கண்டால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தவறான தகவலைத் திருத்த மக்களவைத் தலைவரின் 115ஆவது உத்தரவு வழி வைத்திருக்கிறது. தகவல் தவறு என்று நிரூபணமாகும் வரை காத்திருக்காமல், நம்பகம் குறைந்ததும் ஒரு விளக்கம் தருவது வழக்கமானால் நல்லது. குடும்பங்களுக்கு முதலில், அவைக்கு அரை மணி கழித்து என்ற ஒழுங்கை இரு அவைத் தலைவர்களும் சேர்ந்து எழுத்தில் வைத்துவிடலாம். பிறகு உரிமை மீறல் பயம் எந்த அமைச்சருக்கும் இருக்காது.

உறுப்பினர்கள் பக்கமும் மாற வேண்டியது உண்டு. "உயிரோடு இருக்கிறார்களா இல்லையா?" என்ற கேள்வி அமைச்சரை ஒரு பக்கம் சாயச் சொல்கிறது. இலங்கைச் சிறையில் உள்ள மீனவர்களைப் பற்றி நம் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எண்ணிக்கையும் படகுக் கணக்கும் பதிலாக வருவதற்குக் காரணம், அவர்கள் கேட்பதே எண்ணிக்கைதான். கடத்தல், காணாமல்போதல் விஷயங்களிலும் அப்படித் துல்லியமாகக் கேட்க முடியும்: கடைசித் தொடர்பின் தேதி, அதற்குப் பின் வந்த தகவல்களில் நேரில் கண்டவை எத்தனை, குடும்பங்களுக்கு எழுத்தில் தெரிவித்தது என்ன, டி.என்.ஏ. மாதிரி எடுக்கப்பட்டதா. கடைசிக் கேள்வியை 2014 குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே யாராவது கேட்டு, பரிசீலிக்கிறோம் என்று ஒரு பதில் வந்திருந்தால்கூட, அமைச்சர்கள் அவையில் தரும் உறுதிமொழிகளைக் கண்காணிக்கும் அரசு உறுதிமொழிகள் குழு மூன்று மாதத்தில் அதைப் பின்தொடர்ந்திருக்க முடியும். மாதிரிகள் எடுக்கப்பட்டது 2017 அக்டோபரில்.